நிரல்வழி உட்கட்டமைப்பு: உள்ளகக் கொத்தையும் மேகக் கொத்தையும் ஒத்திசைத்தல்

நிரல்வழி உட்கட்டமைப்பு என்பது, ஒரு மென்பொருள் இயங்குவதற்கு வேண்டிய கணினிகள், வலையமைப்பு, சேமிப்பிடம், அனுமதிகள் ஆகியவற்றைக் கையால் ஒவ்வொன்றாக அமைக்காமல், உரைக்கோப்புகளில் எழுதிவைத்து, அக்கோப்புகளைப் படிக்கும் கருவி ஒன்றின் மூலம் அமைக்கும் முறையாகும். ஆங்கில முதலெழுத்துகளைக் கொண்டு இது ஐ.ஏ.சி. என்றும் அழைக்கப்படுகிறது. நிரலாளரின் மடிக்கணினியில் இயங்கும் கொள்கலன் கொத்தும், வாடகைக்குப் பெற்ற மேகக் கணிமையில் இயங்கும் கொள்கலன் கொத்தும் இயன்றவரை ஒன்றுபோல் நடந்துகொள்ளச் செய்வது இம்முறையின் முக்கியப் பயன்களுள் ஒன்று. அது ஏன் தேவைப்படுகிறது, எவ்வாறு செய்யப்படுகிறது, எந்த எல்லைவரை இயலும் என்பவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

அடிப்படைச் சொற்கள்

கொள்கலன்: ஒரு செயலியையும் அது இயங்கத் தேவையான நூலகக் கோப்புகளையும் ஒரே பொதியாகக் கட்டி, பிற செயலிகளிலிருந்து பிரித்து இயக்கும் முறை கொள்கலன் எனப்படுகிறது. அந்தப் பொதிக்குப் படிமம் என்று பெயர். லினக்சில் இதற்கான அடிப்படை வசதிகள் முன்பே இருந்தன. எனினும், 2013ஆம் ஆண்டு மார்ச்சில் டாக்கர் என்ற கருவி வெளிவந்த பிறகே கொள்கலன் பரவலாயிற்று.

கொத்து: பல கணினிகளை ஒன்றிணைத்து ஒரே கணினிபோல் நிருவகிக்கும் அமைப்பு கொத்து ஆகும். கொத்தில் உள்ள ஒவ்வொரு கணினியும் கணு எனப்படும். எந்தக் கொள்கலன் எந்தக் கணுவில் ஓட வேண்டும், ஒன்று நின்றுபோனால் என்ன செய்ய வேண்டும் என்பவற்றைத் தீர்மானிக்கும் பகுதிக்குக் கட்டுப்பாட்டுத் தளம் என்று பெயர். இந்தப் பணியைச் செய்யும் மென்பொருள்களுள் இன்று மிகுதியாகப் பயன்படுவது குபெர்நெட்டீஸ். கூகுள் நிறுவனம் 2014இல் இதை வெளியிட்டது. முதல் முழுப்பதிப்பு 2015 சூலையில் வந்தது. குபெர்நெட்டீஸ் என்பது கப்பலின் சுக்கானைப் பிடிப்பவரைக் குறிக்கும் கிரேக்கச் சொல். அதனால்தான் அதன் சின்னத்திலும் சுக்கான் சக்கரம் இடம்பெற்றுள்ளது.

உள்ளகக் கொத்து: நிரலாளரின் சொந்தக் கணினியில் சோதனைக்காக உருவாக்கப்படும் சிறு கொத்து. மினிகியூப், கைண்ட், கே3எஸ் ஆகியவை இதற்கான பரவலான கருவிகள். டாக்கர் கொள்கலன்களையே கணுக்களாகக் கொண்டு கொத்தை உருவாக்குவது கைண்ட். 'டாக்கருக்குள் குபெர்நெட்டீஸ்' என்ற பொருள்படும் ஆங்கிலத் தொடரின் சுருக்கமே அப்பெயர். மினிகியூப் இயங்க இரண்டு செயலிக் கருக்களும் 2 கிகாபைட் நினைவகமும் 20 கிகாபைட் வட்டிடமும் போதும்.

மேகக் கொத்து: மேகக் கணிமை நிறுவனங்கள் கட்டணத்துக்கு நடத்தித் தரும் கொத்து. கூகுளின் ஜி.கே.இ. 2015இலும், அமேசானின் இ.கே.எஸ்., மைக்ரோசாப்ட்டின் ஏ.கே.எஸ். ஆகியவை 2018இலும் பொதுப் பயன்பாட்டுக்கு வந்தன.

ஒத்திசைவு ஏன் தேவை

மாதிரித் தேர்வும் பொதுத்தேர்வும் ஒரே வினாத்தாள் அமைப்பில் இருந்தால்தான் மாதிரித் தேர்வு மதிப்பெண்ணுக்குப் பொருள் உண்டு. அதுபோலவே, உள்ளகக் கொத்தில் ஒரு செயலி சரியாக ஓடியது என்பது, மேகக் கொத்தும் அதே அமைப்பில் இருந்தால்தான் சான்றாகும். நிரலாளர்களிடையே அடிக்கடி கேட்கும் "என் கணினியில் ஓடியதே" என்ற சொல், இந்த ஒப்புமை இல்லாததன் விளைவு. ஹெரோகு நிறுவனத்தைச் சேர்ந்தோர் 2011 அளவில் தொகுத்து வெளியிட்ட பன்னிரு கூறுச் செயலி என்ற வழிகாட்டியில் பத்தாவது விதி இதுவே: உருவாக்கும் சூழலும் பயன்பாட்டுச் சூழலும் இயன்றவரை ஒத்திருக்க வேண்டும்.

ஒன்றுபோல் இருக்க வேண்டிய கணினிகள் ஒன்றுபோல் இல்லாவிட்டால் என்ன நேரும் என்பதற்கு அமெரிக்காவின் நைட் கேப்பிட்டல் என்ற பங்கு வணிக நிறுவனத்துக்கு 2012 ஆகத்து 1ஆம் நாள் நேர்ந்தது சான்றாகக் காட்டப்படுவதுண்டு. புதிய நிரலை எட்டு வழங்கிக் கணினிகளில் ஏற்ற வேண்டியிருந்தது. கையால் செய்யப்பட்ட அந்தப் பணியில் ஏழில் ஏற்றப்பட்டது, எட்டாவது விடுபட்டது. சந்தை திறந்ததும் எட்டாவது வழங்கியில் பல ஆண்டுகளாகப் பயன்படாதிருந்த பழைய நிரல் விழித்துக்கொண்டு, நிறுத்தமின்றிப் பங்குகளை வாங்கவும் விற்கவும் தொடங்கியது. ஏறத்தாழ 45 நிமிடங்களில் நிறுவனத்துக்கு 46 கோடி டாலருக்கு மேல் இழப்பு ஏற்பட்டது என்று அமெரிக்கப் பங்குச் சந்தை ஒழுங்காணையம் பின்னர் பதிவு செய்தது. அடுத்த ஆண்டே அந்நிறுவனம் வேறொரு நிறுவனத்துடன் இணைந்துவிட்டது. அங்கே கொள்கலனும் இல்லை, குபெர்நெட்டீசும் இல்லை. ஆயினும் கையால் செய்யும் வேலையில் எட்டில் ஒன்று விடுபடும், விடுபட்டதை எவரும் கவனிக்காமலும் போகலாம் என்ற பாடம் எல்லாச் சூழலுக்கும் பொருந்தும்.

வரலாறு

கணினி அமைப்பை எழுத்தில் வைத்துத் தானே நிறைவேறச் செய்யும் முயற்சிகளுள் முன்னோடி, 1993இல் நார்வேயின் ஆஸ்லோவில் மார்க் பர்ஜெஸ் எழுதிய சி.எஃப்.எஞ்சின். அடுத்து 2005இல் பப்பெட், 2009இல் செஃப், 2012இல் அன்சிபிள் ஆகியவை வந்தன. இவை பெரும்பாலும், ஏற்கெனவே இருக்கும் கணினிக்குள் என்னென்ன மென்பொருள் இருக்க வேண்டும் என்பதைக் கவனித்தவை.

மேகக் கணிமை வந்தபின், கணினியையே ஒரு கட்டளையால் பெறவும் விடவும் முடிந்தது. அதற்கேற்ப அமேசான் 2011இல் கிளவுட்ஃபார்மேஷனை வெளியிட்டது. அது அமேசான் மேகத்துக்கு மட்டும் உரியது. பல மேகங்களுக்கும் பொதுவாக, ஹாஷிகார்ப் நிறுவனம் 2014இல் டெர்ராஃபார்மை வெளியிட்டது. 2023 ஆகத்தில் அந்நிறுவனம் டெர்ராஃபார்மின் திறமூல உரிமத்தைக் கட்டுப்பாடுள்ள வேறோர் உரிமமாக மாற்றியது. அதை ஏற்காதவர்கள் பழைய நிரலிலிருந்து ஓப்பன்டோஃபு என்ற கிளையைத் தொடங்கினர். அது லினக்ஸ் அறக்கட்டளையின்கீழ் வளர்கிறது. இரண்டிலும் எழுதும் முறை பெரும்பாலும் ஒன்றே. எனவே ஒன்றைக் கற்ற மாணவருக்கு மற்றதும் எளிது.

செயற்படும் முறை

கணினிக்கு வேலை சொல்வதில் இரு வழிகள் உண்டு. ஆட்டோ ஓட்டுநரிடம் "நேராகப் போங்கள், இடப்பக்கம் திரும்புங்கள்" என்று வழி சொல்வது ஒன்று. "பேருந்து நிலையம் போக வேண்டும்" என்று சேருமிடத்தை மட்டும் சொல்வது மற்றொன்று. டெர்ராஃபார்மும் குபெர்நெட்டீசும் இரண்டாம் வழியைச் சேர்ந்தவை. "மூன்று கணுக்கள் இருக்க வேண்டும்" என்று கோப்பில் எழுதினால், இப்போது எத்தனை இருக்கின்றன என்பதைக் கருவியே பார்த்து, குறைவதைச் சேர்க்கும், மிகுவதை நீக்கும். அதே கோப்பை மீண்டும் ஓட்டினால் கூடுதலாக மூன்று கணுக்கள் உருவாகிவிடா. எத்தனை முறை ஓட்டினாலும் விளைவு ஒன்றே.

டெர்ராஃபார்மின் பணி மூன்று படிகளில் நடக்கிறது. முதலில், வேண்டுவதை எழுதுதல். அடுத்து, பிளான் என்ற கட்டளை. இது எதையும் மாற்றாமல், எவை உருவாகும், எவை மாறும், எவை அழியும் என்று பட்டியலிட்டுக் காட்டும். மூன்றாவதாக, அப்ளை என்ற கட்டளை அப்பட்டியலை நிறைவேற்றும். இரண்டாம் படியைப் படிக்காமல் மூன்றாம் படிக்குச் செல்வதே தொடக்கநிலையினர் செய்யும் பெரும் பிழை. 'அழியும்' என்ற வரிசையில் தரவுத்தளம் ஒன்று இருக்கிறதா என்பதை அங்குதான் பார்க்க முடியும்.

உருவாக்கியவற்றையெல்லாம் கருவி ஒரு நிலைக்கோப்பில் பதிந்து வைக்கிறது. இதை ஊரின் நிலப் பதிவேட்டுக்கு ஒப்பிடலாம். எந்த நிலம் எவருடையது என்று பதிவேடு சொல்லும்; ஆனால் பதிவேட்டைத் தொடாமலே ஒருவர் வேலியைத் தள்ளிப் போட்டுவிட முடியும். அதுபோல, மேக நிறுவனத்தின் இணையப் பக்கத்தில் நுழைந்து ஒருவர் கையால் ஓர் அமைப்பை மாற்றினால், கோப்பு ஒன்று சொல்லும், நடப்பு வேறாக இருக்கும். இந்நிலைக்கு விலகல் என்று பெயர். பிளான் கட்டளையை நாள்தோறும் ஓட்டினால், கருவியின் பதிவில் உள்ளவற்றில் நேர்ந்த விலகல் வெளிப்பட்டுவிடும்.

இரு கொத்துகளும் வேறுபடும் இடங்கள்

குபெர்நெட்டீஸ் இரண்டிலும் ஒன்றுதான் என்றாலும், அதைச் சூழ்ந்துள்ளவை ஒன்றல்ல. பெரும்பாலான சிக்கல்கள் பின்வரும் ஆறு இடங்களில் தோன்றுகின்றன.

1. பதிப்பு: குபெர்நெட்டீஸ் ஆண்டுக்கு மூன்று பதிப்புகள் வெளியிடுகிறது, ஒவ்வொன்றுக்கும் ஏறத்தாழ 14 மாதங்களே ஆதரவு உண்டு. பழைய வசதிகள் சில பதிப்புகளில் நீக்கப்படுவதும் உண்டு. எடுத்துக்காட்டாக, 2021 ஆகத்தில் வந்த 1.22ஆம் பதிப்பில், வெளியிலிருந்து வரும் வேண்டுகோள்களைச் செயலிக்கு அனுப்பும் இன்கிரஸ் அமைப்பின் பழைய எழுத்துமுறை ஏற்கப்படவில்லை. உள்ளகக் கொத்து 1.21இலும் மேகக் கொத்து 1.22இலும் இருந்தால், ஒரே கோப்பு ஓரிடத்தில் ஏற்கப்படும், மற்றோரிடத்தில் தள்ளப்படும்.

2. செயலிக் கட்டமைப்பு: 2020 நவம்பருக்குப்பின் வந்த ஆப்பிள் மடிக்கணினிகள் ஆர்ம் வகைச் செயலிகளைக் கொண்டவை. மேகக் கணுக்கள் பலவும் இன்டெல் வகையைச் சேர்ந்தவை. ஒன்றுக்கெனக் கட்டிய படிமம் மற்றதில் பொதுவாக நேரடியாக இயங்காது. இரு வகைக்கும் சேர்த்துப் படிமம் கட்டுவதே இதற்குத் தீர்வு.

3. சேமிப்பிடம்: உள்ளகக் கொத்தில் தரவு மடிக்கணினியின் வட்டிலேயே ஒரு கோப்புறையில் அமரும். மேகத்தில் அது வலையமைப்பின் வழியே இணையும் தனி வட்டு. அத்தகைய வட்டு பொதுவாக ஒரு நேரத்தில் ஒரு கணுவோடு மட்டுமே இணையும். ஒரே கணு உள்ள உள்ளகக் கொத்தில் இந்தக் கட்டுப்பாடு கண்ணுக்கே தெரியாது.

4. வெளிவாசல்: செயலிக்கு வெளியுலக முகவரி வேண்டும் என்று கேட்டால், மேகத்தில் சுமைப் பகிர்வான் ஒன்று தானே உருவாகும். கைண்டில் அதே வேண்டுகோள் நிறைவேறாமல் காத்திருப்பு நிலையிலேயே நிற்கும். மெட்டல்எல்பி போன்ற துணை மென்பொருளை நிறுவினால்தான் முகவரி கிடைக்கும். கே3எஸ்ஸில் இந்த வசதி உள்ளடங்கியே வருகிறது.

5. வலையமைப்புக் கட்டுப்பாடு: எந்தச் செயலி எந்தச் செயலியோடு பேசலாம் என்ற விதியைக் குபெர்நெட்டீஸ் ஏற்றுக்கொள்ளும், ஆனால் அதைச் செயற்படுத்துவது கொத்தில் உள்ள வலையமைப்புச் செருகுநிரல். அதை ஆதரிக்காத செருகுநிரல் இருந்தால் விதி பிழைச்செய்தி ஏதுமின்றி ஏற்கப்படும். பயன் மட்டும் இராது. பாதுகாப்பு இருப்பதாக நம்பவைத்து ஏமாற்றும் வேறுபாடு என்பதால் ஆறிலும் இதுவே ஆபத்தானது.

6. அடையாளம்: மேகத்தில் ஒரு கொள்கலனுக்கு நேரடியாகவே உரிமை வழங்கி, தரவுக்கிடங்கைத் திறக்கச் செய்யலாம். மடிக்கணினியில் அவ்வசதி இல்லாததால் கடவுச்சொல்லைக் கோப்பில் எழுதிவைக்கும் பழக்கம் வருகிறது. அக்கோப்பு தவறிப் பொதுக் களஞ்சியத்தில் ஏறினால் பொருளிழப்பில் முடியும்.

ஒத்திசைக்கும் முறை

இரண்டையும் முழுவதும் ஒன்றாக்குவது இயலாது; தேவையும் இல்லை. மடிக்கணினியில் மூன்று பெரிய கணுக்களை ஓட்ட முடியாது. எனவே எவை ஒன்றாக இருக்க வேண்டும், எவை வேறாக இருக்கலாம் என்று முதலிலேயே பிரித்து எழுதிவிடுவதே சரியான முறை. இதற்காக நிரல் மூன்று அடுக்குகளாக வகுக்கப்படுகிறது.

முதல் அடுக்கு கொத்தை உருவாக்குவது. இது இரு இடங்களிலும் வேறுபட்டே தீரும். உள்ளகத்துக்குக் கைண்ட் அமைப்புக் கோப்பு. மேகத்துக்கு வலையமைப்பு, கணுக்கள், உரிமைகள் அடங்கிய டெர்ராஃபார்ம் நிரல். ஆனால் குபெர்நெட்டீஸ் பதிப்பு எண் மட்டும் பொதுவான ஒரே இடத்தில் எழுதப்பட்டு இரண்டுக்கும் செல்ல வேண்டும்.

இரண்டாம் அடுக்கு, எல்லாச் செயலிகளுக்கும் பொதுவான துணைப் பொருள்கள்: இன்கிரஸ் கட்டுப்படுத்தி, சான்றிதழ் மேலாளர், கண்காணிப்புக் கருவி முதலியன. இவை ஹெல்ம் என்ற பொதி மேலாளர் வழியாக, இரு கொத்துகளிலும் ஒரே பதிப்பில் நிறுவப்பட வேண்டும். சேமிப்பு வகைக்கு இரு கொத்துகளிலும் ஒரே பெயரைச் சூட்டுவதும் நல்ல உத்தி. பெயருக்குப் பின்னால் ஓரிடத்தில் கோப்புறையும் மற்றோரிடத்தில் மேக வட்டும் இருக்கும். செயலிக்கு அந்த வேறுபாடு தெரிய வேண்டியதில்லை.

மூன்றாம் அடுக்கு செயலி. இதன் அடிக்கோப்பு ஒன்றே. இடத்துக்கு இடம் மாறும் மதிப்புகள் மட்டும் தனியான சிறு கோப்பில் இருக்கும். இவ்வாறு அடியையும் மேலடுக்கையும் இணைக்கும் கஸ்டமைஸ் என்ற கருவி, 2019இல் வந்த 1.14ஆம் பதிப்பு முதல் குபெர்நெட்டீசின் கட்டளைக் கருவியிலேயே உள்ளது.

எடுத்துக்காட்டாக, ஒரு பள்ளி நூலகத்தின் புத்தக இரவல் செயலி என்று கொள்வோம். அதில் இணையப் பகுதி ஒன்றும் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம் ஒன்றும் உள்ளன. அதன் மாறும் மதிப்புகள் இவ்வளவே:

இணையப் பகுதியின் படிகள்: உள்ளகத்தில் 1, மேகத்தில் 3.
நினைவக வரம்பு: உள்ளகத்தில் 256 மெகாபைட், மேகத்தில் 1 கிகாபைட்.
முகவரி: உள்ளகத்தில் மடிக்கணினிக்குள் மட்டும் செல்லும் பெயர், மேகத்தில் பள்ளியின் இணையப் பெயர்.
தரவு வட்டின் அளவு: உள்ளகத்தில் 1 கிகாபைட், மேகத்தில் 20 கிகாபைட்.

இந்த நான்கு வரிகளைத் தவிர மற்ற அனைத்தும் பொது. தரவுத்தளமும் இரு இடங்களிலும் ஒரே போஸ்ட்கிரெஸ் பதிப்பாக இருக்க வேண்டும். "சோதனைக்குத்தானே" என்று உள்ளகத்தில் எஸ்கியூலைட்டைப் பயன்படுத்துவது ஒத்திசைவை முறிக்கும். படிமத்தையும் 'அண்மையது' என்ற பெயரால் அழைக்காமல், அதன் உள்ளடக்கத்திலிருந்து கணிக்கப்படும் தனி அடையாள எண்ணால் அழைக்க வேண்டும். இல்லாவிட்டால் நேற்று சோதித்ததும் இன்று ஏறுவதும் வெவ்வேறாக இருக்கக்கூடும். வேறுபாட்டுக் கோப்பு எவ்வளவு சிறிதோ, உள்ளகச் சோதனையை அவ்வளவு நம்பலாம்.

மாற்றம் செல்லும் பாதை

கோப்புகள் யாவும் கிட் களஞ்சியத்தில் இருக்கும். ஒருவர் மாற்றத்தை முன்வைத்ததும், தானியங்கிச் சோதனை அமைப்பு புதிதாக ஒரு கைண்ட் கொத்தை உருவாக்கி, மூன்று அடுக்குகளையும் நிறுவிச் சோதித்து, பின் அக்கொத்தை அழித்துவிடும். அதே நேரத்தில் மேகத்துக்கான பிளான் பட்டியலும் உருவாகும். மற்றொருவர் இரண்டையும் பார்த்து ஒப்புதல் தந்த பின்னரே மாற்றம் மேகத்தை அடையும்.

களஞ்சியத்தில் உள்ளதையே உண்மை எனக் கொண்டு, கொத்துக்குள் இருக்கும் ஒரு முகவர் நிரல் அதை இடையறாது ஒப்பிட்டுச் சரிசெய்யும் முறைக்குக் கிட்ஆப்ஸ் என்று பெயர். 2017இல் வீவ்வொர்க்ஸ் நிறுவனத்தினர் இப்பெயரை வழங்கினர். ஃபிளக்ஸ், ஆர்கோ சி.டி. ஆகியவை இதற்கான கருவிகள். வீவ்வொர்க்ஸ் 2024இல் மூடப்பட்டது. திறமூல மென்பொருளாகப் பொது அமைப்பு ஒன்றின் பொறுப்பில் இருந்ததால் ஃபிளக்ஸ் தொடர்கிறது.

கவனிக்க வேண்டியவை

எந்தக் கொத்து என்ற குழப்பம்: உள்ளகக் கொத்துக்கும் மேகக் கொத்துக்கும் ஒரே கட்டளைக் கருவிதான் பயன்படுகிறது. இரண்டும் ஒன்றுபோல் ஆக ஆக, எதில் இருக்கிறோம் என்பது மறந்துபோகும். 2017 சனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தில் பொறியாளர் ஒருவர் துணைத் தரவுத்தளக் கணினி என்று எண்ணி, முதன்மைக் கணினியில் அழிப்புக் கட்டளையை இட்டார். ஏறத்தாழ 300 கிகாபைட் தரவு அழிந்தது. ஆறு மணி நேரப் பதிவுகளை மீட்கவே முடியவில்லை. அந்நிறுவனம் நடந்ததை மறைக்காமல் பொதுவில் எழுதியதால் இன்று அது பாடமாகப் பயன்படுகிறது. மடிக்கணினியிலிருந்து மேகக் கொத்தைப் பார்க்க மட்டும் உரிமை வைத்துக்கொண்டு, மாற்றும் உரிமையைத் தானியங்கி அமைப்புக்கு மட்டும் தருவதே இதற்கு உறுதியான தடுப்பு.

நிலைக்கோப்பின் மறைபொருள்: டெர்ராஃபார்ம் நிலைக்கோப்பில் கடவுச்சொற்கள் வெளிப்படையான எழுத்தில் பதிவாகக்கூடும். அதை ஒருபோதும் கிட் களஞ்சியத்தில் ஏற்றக் கூடாது. அனுமதி உள்ளவர் மட்டும் திறக்கக்கூடிய தொலைக்கிடங்கில் வைக்க வேண்டும். ஓப்பன்டோஃபு 2024இல் வந்த 1.7ஆம் பதிப்பிலிருந்து நிலைக்கோப்பை மறையாக்கம் செய்யும் வசதியைத் தருகிறது. குபெர்நெட்டீசின் சீக்ரெட் என்ற கோப்பு வகையும் பெயரளவில்தான் இரகசியம். அதில் உள்ளது எழுத்துமாற்றம் மட்டுமே, எவரும் திருப்பிப் படித்துவிடலாம்.

செலவு: 2024 நிலவரப்படி அமேசானின் இ.கே.எஸ். கொத்து ஒன்றின் கட்டுப்பாட்டுத் தளத்துக்கு மட்டும் மணிக்கு 0.10 டாலர் கட்டணம். 30 நாள்களுக்கு 72 டாலர். கணுக்களின் வாடகை தனி. பதிப்பைப் புதுப்பிக்காமல் நீட்டித்த ஆதரவுக்குச் சென்றுவிட்டால் மணிக்கு 0.60 டாலர், அதாவது 30 நாள்களுக்கு 432 டாலர். பயிற்சிக்காக உருவாக்கிய கொத்தை மறந்துவிடும் மாணவருக்கு இது சிறு தொகையன்று. நிரல்வழி உருவாக்கியதை ஒரே கட்டளையால் அழித்துவிடலாம் என்பது இம்முறையின் பெரிய வசதி. ஆயினும் ஓர் எச்சரிக்கை உண்டு. கொத்துக்குள்ளிருந்து குபெர்நெட்டீஸ் தானே கேட்டுப் பெற்ற சுமைப் பகிர்வான்களும் வட்டுகளும் டெர்ராஃபார்மின் பதிவேட்டில் இரா. செயலிகளை முதலில் நீக்கி, அவை விடுவிக்கப்பட்டதைப் பார்த்த பின்னரே கொத்தை அழிக்க வேண்டும். இல்லாவிட்டால் அவை மேகத்திலேயே தங்கிக் கட்டணம் சேர்த்துக்கொண்டிருக்கும்.

வரம்புகள்

எவ்வளவு ஒத்திசைத்தாலும் மடிக்கணினியில் காண முடியாதவை சில உண்டு. ஆயிரக்கணக்கானோர் ஒரே நேரத்தில் நுழையும் சுமை, கணுக்களுக்கிடையே வலையமைப்புத் தாமதம், ஒரு தரவு மையம் முழுவதும் செயலிழப்பது, மேக நிறுவனம் விதிக்கும் எண்ணிக்கை வரம்புகள் ஆகியவை அவற்றுள் அடங்கும். இவற்றைச் சோதிக்க, அதே நிரலைக்கொண்டு மேகத்திலேயே சிறிய முன்னோட்டக் கொத்து ஒன்று தேவைக்கேற்ப உருவாக்கப்பட்டு, வேலை முடிந்ததும் அழிக்கப்படுகிறது.

மற்றொரு வரம்பும் உண்டு. கையால் செய்யும் பிழை ஒரு கணினியோடு நிற்கலாம்; நிரலில் செய்யும் பிழை அந்நிரல் சென்றடையும் எல்லாக் கணினிகளிலும் ஒரே நேரத்தில் விளையும். நைட் கேப்பிட்டலில் நேர்ந்ததுபோல் எட்டாவது வழங்கி விடுபடாமல் காக்கும் அதே கருவி, தவறான நிரலை எட்டிலும் பிசகாமல் ஏற்றவும் செய்யும். எனவே பிளான் பட்டியலைப் படித்தல், மற்றொருவர் சரிபார்த்தல், உள்ளகத்தில் முதலில் ஓட்டிப் பார்த்தல் ஆகியவற்றை இம்முறையின் பகுதிகளாகவே கொள்ள வேண்டும். தொடங்கும் மாணவர் செலவில்லாத கைண்ட் கொத்தையும் ஒரு சிறு செயலியையும் கொண்டு தொடங்கி, மூன்று அடுக்குகளையும் எழுதிப் பழகி, கொத்தை அழித்து மீண்டும் கோப்புகளிலிருந்தே எழுப்பிப் பார்க்கலாம். கையால் எதையும் தொடாமல் அது முன்போலவே எழுந்தால், மேகத்துக்குச் செல்வதற்கான அடித்தளம் அமைந்துவிட்டது எனலாம்.